வீட்டில் வைத்துச் சிகிச்சையா, வீட்டில் விட்டுவிடுவதா?

வளரிளம் பருவத்தில் கடுமையான மனநோய்க்கு ஆளான பிள்ளைகளை மருத்துவமனையில் தங்கவைக்காமல், வீட்டையும் பள்ளியையும் விட்டுப் பிரிக்காமல் குணப்படுத்த முடியுமா என்று கேட்டு இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சுருக்கிக்கொண்டு, அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு வயது 15. ஓராண்டாக மனச்சோர்வில் இருக்கிறாள். இருமுறை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாள். பரிசோதித்த மனநல மருத்துவர், உடனே அட்மிட் செய்யத் தேவையில்லை என்றும், ஒரு குழு வீட்டுக்கே வந்து தீவிரமாகச் சிகிச்சையளிக்கும் முறையை முயன்று பார்க்கலாம் என்றும் சொல்கிறார். படுக்கை காலியாக இல்லாததால் இப்படிச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். வீட்டுச் சிகிச்சை இரண்டாந்தரமானதுதானே?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. படுக்கைத் தட்டுப்பாட்டை மறைக்க "வீடுதான் நல்லது" என்று சொல்லி அனுப்பிவிடும் இடங்களும் உண்டு என்பதால், அந்தச் சந்தேகத்தை விட்டுவிட வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைதான் முதல்தரமானது, மற்றவை அதற்கு அடுத்தபடியானவை என்ற எண்ணத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கு மாற்றாக என்னென்ன முறைகள் உள்ளன என்பதைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பின் அறிக்கை) ஒன்று 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. உலகம் முழுவதும் தேடியும் அதன் ஆசிரியர்களுக்குக் கிடைத்த முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் ஏழு மட்டுமே. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 799 பேர். எந்த முறை யாருக்குப் பொருந்தும் என்று அறுதியிட்டுச் சொல்ல இந்த ஆதாரம் போதாது என்பதுதான் அவர்களின் முடிவு. அதாவது, வீட்டுச் சிகிச்சைதான் மேலானது என்று நாங்கள் மார்தட்டிக்கொள்ளவும் முடியாது, அது தாழ்வானது என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

மருத்துவமனை எதைத் தருகிறது என்று முதலில் பிரித்துப் பார்ப்பது பயன்படும். இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவர் கண்காணிக்கிறார். ஆபத்தான பொருள்கள் எட்டாத இடத்தில் இருக்கின்றன. மருந்து வேளை தவறாமல் கொடுக்கப்படுகிறது. களைத்துப்போன பெற்றோருக்குச் சில நாள் ஓய்வு கிடைக்கிறது. இவை நான்கும் சிறிய உதவிகள் அல்ல. அதே நேரத்தில், நோய் எந்தச் சூழலில் முற்றியதோ அந்தச் சூழலிலிருந்து பிள்ளையை மட்டும் பிரித்தெடுத்துச் சரிசெய்து, எதுவும் மாறாத அதே சூழலுக்குள் திரும்பவும் கொண்டுபோய் வைப்பதில்தான் மருத்துவமனையின் பலவீனம் இருக்கிறது. தற்கொலை அபாயம் மிகுந்திருப்பது டிஸ்சார்ஜ் ஆகி வந்த முதல் சில வாரங்களில்தான் என்பது மனநல மருத்துவத்தில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட உண்மை. வார்டில் நன்றாக இருந்த பிள்ளை, வீட்டுக் கதவைத் திறந்ததும் அதே சண்டையையும் அதே பாடச் சுமையையும் அதே தனிமையையும் சந்திக்கிறது.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் "வீடா, மருத்துவமனையா" என்று கேட்பதைவிட, மருத்துவமனை செய்யும் அந்த நான்கு வேலைகளையும் வீட்டில் யார் யார் செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் வருவார்கள், நள்ளிரவு இரண்டு மணிக்கு மகளின் நிலை மோசமானால் எந்த எண்ணை அழைப்பது, அந்த அழைப்பை எடுப்பவர் அவளை அறிந்தவராக இருப்பாரா, நிலைமை கைமீறினால் எவ்வளவு நேரத்தில் மருத்துவமனையில் இடம் கிடைக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் தெளிவான பதில் வேண்டும். பதில் கிடைத்தால் அது சிகிச்சை. "ஏதாவது என்றால் கூப்பிடுங்கள்" என்பது மட்டுமே பதிலானால், உங்களுக்குக் கிடைப்பது சிகிச்சை அல்ல, உங்கள் தலையில் ஏற்றப்படும் பொறுப்பு மட்டுமே.

கேள்வி: வீட்டுக்கு வரும் குழு உண்மையில் என்னதான் செய்யும்? வாரம் ஒருமுறை வந்து கவுன்சலிங் கொடுத்துவிட்டுப் போவதற்கு நாமே பிள்ளையை அழைத்துப் போகலாமே?

பதில்: வாரம் ஒருமுறை கவுன்சலிங் என்றால் நீங்கள் சொல்வது சரி, அதற்குத் தீவிர வீட்டுச் சிகிச்சை என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை. அந்தப் பெயருக்குரிய முறைகள் வேறுவிதமாக இயங்குகின்றன. அமெரிக்காவின் டக்கோமா நகரில் 1974ஆம் ஆண்டு தொடங்கிய 'ஹோம்பில்டர்ஸ்' முறையில், ஒரு பணியாளர் ஒரே சமயத்தில் இரண்டே குடும்பங்களை மட்டும் கவனித்துக்கொள்வார். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு, தேவைப்பட்டால் நாள்தோறும்கூட, அந்த வீட்டில் மணிக்கணக்கில் இருப்பார். பிள்ளை காலையில் எழ மறுக்கும்போதும், தந்தையும் மகனும் கைப்பேசிக்காக மோதிக்கொள்ளும்போதும் அவர் அங்கேயே இருப்பதால், ஆலோசனை அறையில் நினைவுகூர்ந்து சொல்லப்படும் சண்டையை அல்ல, கண்ணெதிரே நடக்கும் சண்டையை வைத்தே வேலை செய்ய முடிகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லி விளக்குவது கடினம். ஒருமுறை அனுபவித்த பெற்றோருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று 'மல்ட்டிசிஸ்டமிக் தெரப்பி'. சட்டத்தோடு மோதிய இளைஞர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் ஸ்காட் ஹெங்கலர் உருவாக்கிய இந்த முறை, பிற்பாடு தற்கொலை எண்ணம் போன்ற மனநல நெருக்கடிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பிள்ளையின் மனத்துக்குள் மட்டும் காரணத்தைத் தேடாமல், குடும்பம், நண்பர்கள், பள்ளி, அக்கம்பக்கம் ஆகிய எல்லா வளையங்களிலும் எது நோயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தேடி அதை மாற்றுவதே இதன் அடிப்படை. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட இளையோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வீட்டுவழியில் இந்த முறையையும் மற்றதற்கு மருத்துவமனைச் சிகிச்சையையும் தந்து ஒப்பிட்ட ஆய்வின் முதல் முடிவுகள் 1999இல் வெளியாயின. சிகிச்சை நடந்த சில மாதங்களில் வீட்டுவழிப் பிரிவினர் மருத்துவமனையில் கழித்த நாள்கள் குறைவு, பள்ளிக்குச் சென்ற நாள்கள் அதிகம். ஆனால் அந்தப் பிரிவிலும் கணிசமானோர் இடையில் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது; ஓராண்டு கடந்ததும் இரு பிரிவினருக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. முதல் செய்தியைச் சொல்பவர்கள் பலர் இரண்டாவதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது: நான்கு மாதம் தீவிரமாக உதவிவிட்டு ஒரே நாளில் விலகிக்கொள்ளும் எந்தத் திட்டமும், அது வீட்டில் நடந்தாலும் வார்டில் நடந்தாலும், அதே இடத்தில்தான் சறுக்குகிறது.

கேள்வி: இதெல்லாம் அரசாங்கங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் செலவைக் குறைக்கக் கண்டுபிடித்த தந்திரம் என்று நான் நினைக்கிறேன். மறுக்க முடியுமா?

பதில்: முழுமையாக மறுக்க முடியாது. வரலாறு உங்கள் பக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டு அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டம், பெரிய மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றாகச் சமூக மனநல மையங்களை நாடெங்கும் அமைப்பதாக உறுதியளித்தது. மருத்துவமனைப் படுக்கைகள் வேகமாகக் குறைக்கப்பட்டன. ஆனால் திட்டமிட்ட மையங்களில் ஏறத்தாழப் பாதிதான் கட்டப்பட்டது. எஞ்சிய பாதியின் சுமையைக் குடும்பங்களும் தெருக்களும் சிறைகளும் சுமந்தன. பழைய வீட்டை இடித்துவிட்டு, புதிய வீட்டுக்கு வரைபடத்தை மட்டும் கையில் கொடுத்தது போன்ற கதை அது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இத்தாலியில் மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா நடத்திய இயக்கத்தின் விளைவாக 1978இல் மனநோய் விடுதிகளை மூட வழிசெய்த சட்டம் 180 நிறைவேறியபோது, அவர் பணியாற்றிய திரியெஸ்தே நகரில் மனநோய் விடுதி மூடப்பட்டது மட்டுமல்ல, அதற்கு ஈடாக இரவும் பகலும் திறந்திருக்கும், சில படுக்கைகளும் கொண்ட மையங்கள் நகரப் பகுதிகளில் அமைக்கப்பட்டன. அங்கே மாற்று முதலில் எழுந்து நின்றது, பழையது பிறகு மூடப்பட்டது. அதே சட்டம் இத்தாலியின் எல்லாப் பகுதிகளிலும் அதே அக்கறையோடு நடைமுறைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செலவுக் கணக்கில் வழக்கமாக விடுபடும் ஒரு வரி இருக்கிறது. பிள்ளையின் அருகில் இருப்பதற்காக வேலையை விடும் தாயின் வருமானம், அந்தக் கணக்கில் எங்கும் செலவாக எழுதப்படுவதில்லை. அந்த வரியையும் எழுதிப் பார்த்த பிறகும் ஒரு முறை மலிவாக இருந்தால், அதை மலிவு என்று ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: உணவை அறவே மறுக்கும் 14 வயதுப் பெண்ணின் தந்தை நான். உடல் எலும்பும் தோலுமாகிவிட்டது. இவளையுமா வீட்டில் வைத்துப் பார்க்க முடியும்?

பதில்: இப்போதைய உடல்நிலையைப் பொறுத்தது, கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். இதயத்துடிப்பு மிகவும் குறைந்திருத்தல், எழுந்து நிற்கும்போது மயங்கி விழுதல், இரத்தத்தில் உப்புச் சத்துகள் தாறுமாறாதல், நீரைக்கூட மறுத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால்கூட, இந்த இதழை மூடிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நெடுநாள் பட்டினியால் வற்றிய உடலுக்கு மீண்டும் உணவு கொடுக்கத் தொடங்குவதே ஆபத்தான கட்டம் என்பதால், அதை இரத்தப் பரிசோதனைகளோடு மருத்துவக் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

உடலின் அபாயம் நீங்கிய பிறகு நிலைமை வேறு. அனோரெக்ஸியா நெர்வோசா எனப்படும் இந்த நோயில்தான் மருத்துவமனைக்கு வெளியேயான சிகிச்சைக்கு ஓரளவு வலுவான ஆதாரம் கிடைத்திருக்கிறது. ஜெர்மனியில் 11 முதல் 18 வயது வரையிலான 172 பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், எல்லோரும் முதல் மூன்று வாரம் மருத்துவமனையில் தங்கினர். பிறகு ஒரு பிரிவினர் அங்கேயே தொடர, மற்றவர்கள் பகலில் சிகிச்சை மையத்துக்கு வந்து மாலையில் வீடு திரும்பினர். ஓராண்டு முடிவில் எடை அதிகரிப்பில் பகல்நேரப் பிரிவினர் பின்தங்கவில்லை, செலவும் குறைவு. இங்கிலாந்தில் 167 இளையோரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்விலும், உள்நோயாளிச் சிகிச்சை புறநோயாளிச் சிகிச்சையை விஞ்சவில்லை. ஆனால் இரண்டாண்டு முடிவிலும் முழுமையாகக் குணமடைந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் அளவிலேயே இருந்தனர். எந்த வழியில் போனாலும் இது நீண்ட பயணம் என்பதைத் தந்தையாகிய உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பெற்றோரே நோய்க்குக் காரணம் என்று குற்றஞ்சாட்டிய பழைய போக்குக்கு மாறாக, பெற்றோரைச் சிகிச்சையின் முதன்மைக் கருவியாக்கும் முறை அது. தொடக்கத்தில் என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்று முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதும் பெற்றோரிடம் இருக்கும். எடை கூடக்கூட அந்தப் பொறுப்பு படிப்படியாக மகளின் கைக்குத் திரும்பும். சாப்பாட்டு மேசையில் ஒரு கவளத்துக்காக ஒரு மணி நேரம் பொறுமையோடு உட்கார்ந்திருக்க வேண்டிவரும். தாயும் தந்தையும் ஒரே குரலில் பேசாத வீட்டில் இது நடக்காது. அதனால் முதல் வாரங்களில் சிகிச்சையாளர் உங்கள் மகளைவிட உங்கள் இருவரிடமே அதிகமாகப் பேசினால் வியப்படைய வேண்டாம்.

கேள்வி: நான் ஒரு வகுப்பாசிரியர். மூன்று மாதம் சிகிச்சையில் இருந்த மாணவர் ஒருவர் அடுத்த வாரம் திரும்பி வருகிறார். நான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது?

பதில்: கேட்டதற்கே நன்றி. லண்டனில் மருத்துவமனையிலிருந்த நூற்றுச் சொச்சம் இளையோரிடம், அவர்களை விரைவில் வீட்டுக்கு அனுப்பித் தீவிரத் துணையளிக்கும் முறையைச் சோதித்த ஆய்வு 2018இல் வெளியானது. அதில் தெரியவந்த நல்ல மாற்றங்களில் இரண்டு: அந்த இளையோர் வழக்கமான பள்ளிக்குத் திரும்புவது எளிதாகியிருந்தது, திரும்பத் திரும்பத் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் குறைந்திருந்தது. பள்ளிக்குத் திரும்புவதே குணமடைதலின் ஒரு பகுதி என்று நான் நம்புகிறேன். முழுமையாகக் குணமான பிறகு கிடைக்கும் பரிசாக அதைத் தள்ளிவைப்பது தவறு.

முதல் வாரம் அரை நாள் போதும். விடுபட்ட பாடங்கள் அனைத்தையும் எழுதி முடிக்கச் சொல்லாதீர்கள். எதைத் தள்ளுபடி செய்யலாம் என்று மற்ற ஆசிரியர்களோடு பேசி முன்னதாகவே முடிவெடுத்துவிடுங்கள். மனம் தடுமாறும்போது அனுமதி கேட்காமலேயே எழுந்து போய் உட்கார ஓர் இடத்தையும், அங்கே தேடிப்போய்ப் பேச ஒருவரையும் அவருக்குக் காட்டிவையுங்கள். வகுப்புத் தோழர்களிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அந்த மாணவரே தீர்மானிக்கட்டும். "எல்லோரும் அன்பாக இருங்கள்" என்று வகுப்பில் எழுந்து நின்று அறிவிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

கேள்வி: எனக்கு 17 வயது. யாரும் பேசாதபோதும் எனக்குக் குரல்கள் கேட்கின்றன. டாக்டர், அம்மா, அப்பா எல்லோரும் பக்கத்து அறையில் என்னைப் பற்றிப் பேசி முடிவெடுத்துவிட்டு வருகிறார்கள். என்னிடம் யாரும் கேட்பதில்லை. இது சரியா?

பதில்: சரியில்லை. குழந்தைகளின் உரிமைகளுக்கான 1989ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, 18 வயதுக்குட்பட்டோரைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்களின் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பை அதற்குத் தர வேண்டும் என்கிறது. இது சட்டத்தின் பேச்சு. மருத்துவத்தின் பேச்சும் அதுவே. தன்னிடம் கேட்காமல் முடிவு செய்யப்பட்ட சிகிச்சையை யாருமே நெடுநாள் தொடர்வதில்லை.

ஃபின்லாந்தின் மேற்கு லாப்லாந்துப் பகுதியில், யாக்கோ செய்க்குலா என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1980களிலிருந்து வளர்த்தெடுத்த 'திறந்த உரையாடல்' முறையில், உதவி கேட்ட 24 மணி நேரத்துக்குள் முதல் கூட்டம் நடக்கிறது, பெரும்பாலும் வீட்டிலேயே. நோயுற்றவர், குடும்பத்தினர், சிகிச்சையாளர்கள் எல்லோரும் ஒரே அறையில் அமர்கிறார்கள். மருத்துவர்கள் தங்களுக்குள் விவாதிக்க வேண்டியதையும் அவர் காதுபடவே விவாதிக்கிறார்கள். அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிய முடிவு எடுக்கப்படுவதில்லை. அந்தப் பகுதியிலிருந்து வந்த முடிவுகள் நம்பிக்கை தருபவை. ஆனால் அவை பெரும்பாலும் சமவாய்ப்பு முறையில், அதாவது யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலப் பிரித்து, ஒப்பிடப்பட்டவை அல்ல என்பதால், உங்கள் மருந்தை நிறுத்துவதற்கு இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை பேச்சு பக்கத்து அறைக்கு நகரும்போது, "என் எதிரிலேயே பேசுங்கள்" என்று சொல்வதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வது கடினமாக இருந்தால், எனக்கு எழுதியதைப் போலவே மருத்துவருக்கும் எழுதிக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை மருத்துவர் இரகசியமாக வைத்திருப்பார். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் வைத்திருக்க மாட்டார். அந்தக் குரல்கள் உங்களை ஏதேனும் செய்யும்படி ஏவத் தொடங்கினால், அன்றைக்கே, கூட்டத்துக்கும் கடிதத்துக்கும் காத்திருக்காமல், அருகில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். அப்போது சில நாள் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அது உங்கள் தோல்வி அல்ல.

கேள்வி: மூத்த மகனுக்கு வீட்டிலேயே சிகிச்சை நடக்கிறது. வாரத்தில் நான்கு நாள் யாராவது வந்து போகிறார்கள். மருந்துப் பெட்டிக்கும் சமையலறைக் கத்திகளுக்கும் பூட்டுப் போட்டிருக்கிறோம். ஒன்பது வயது இளையவன் எதுவும் கேட்பதில்லை. நாங்களும் சொல்லவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கேட்காத பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். வீட்டைச் சிகிச்சைக் கூடமாக்கும்போது அங்கே வாழும் எல்லோரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள்; திட்டம் தீட்டுபவர்கள் பெரும்பாலும் மறந்துபோகிறவர் இந்த இளையவர்தான். பூட்டைப் பார்க்கும் ஒன்பது வயதுக் குழந்தை தானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும், அந்தக் காரணம் அநேகமாக உண்மையைவிடப் பயங்கரமானதாக இருக்கும். சில வேளைகளில் தன் மீதே பழியைச் சுமத்திக்கொள்வதாகவும் இருக்கும்.

அண்ணனிடம் முதலில் கேட்டுவிட்டு, இளையவனிடம் இப்படிச் சொல்லலாம்: "அண்ணனுக்கு மனத்தில் ஒரு நோய் வந்திருக்கிறது. காய்ச்சல் போல ஒட்டிக்கொள்ளாது. நீ செய்த எதனாலும் வரவில்லை. வருபவர்கள் அவனுக்கு உதவ வருகிறார்கள். அவனைக் காவல் காப்பது உன் வேலை இல்லை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், "அண்ணன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டிரு" என்று சின்னவனிடம் போகிற போக்கில் சொல்லியிருந்தால், அதை இன்றே திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மாலையாவது உங்களில் ஒருவர் அவனோடு மட்டும் வெளியே போய்வர முடியுமா என்று, வீட்டுக்கு வரும் குழுவிடமே கேளுங்கள். அந்த நேரத்தில் பெரியவனோடு இருப்பதும் அவர்கள் வேலையில் அடங்கும்.